உங்கள் ஊரில் ஒரு பைத்தான் குழு: தொடங்குவது, நடத்துவது, கைமாற்றுவது

பைத்தானுக்கு விளம்பரம் தேவையில்லை. 1991இல் கைடோ வான் ராசம் வெளியிட்ட நிரல் மொழி இன்று நம் பிளஸ் டூ பாடநூல் வரைக்கும் வந்துவிட்டது. கற்றுக்கொள்ள யூடியூபில் தமிழிலேயே வேண்டிய மட்டும் வீடியோ கிடக்கிறது. எர்ரர் வந்தால் ஏஐயிடம் கேட்டால் நொடியில் பதில். அப்படியிருக்க, மாதம் ஒரு சனிக்கிழமை வெயிலில் பஸ் ஏறி ஒரு செமினார் ஹாலுக்கு ஒருவர் எதற்காக வர வேண்டும்? குழு தொடங்க நினைப்பவர் முதலில் இதற்குப் பதில் வைத்திருக்க வேண்டும். புது மொழி என்றால் ஆர்வத்துக்காகவே நாலு பேர் கூடுவார்கள். ஊரறிந்த மொழிக்கு அந்தச் சலுகை கிடையாது.

என்னுடைய பதில் எளிமையானது. நம் ஊரில் இதே வேலையைச் செய்கிற இன்னும் நாலு பேரைத் தெரிந்துகொள்ள முடிகிறது. "போன மாசம் சொன்னீங்களே, அந்த ஸ்கிரிப்ட் என்னாச்சு?" என்று கேட்க ஒரு ஆள் கிடைக்கிறார். இந்த இரண்டும் இணையத்தில் கிடைப்பதில்லை. ஒருமுறை கூடிக் கலைந்தாலும் கிடைக்காது. அதே முகங்கள் திரும்பத் திரும்ப வந்தால்தான் கிடைக்கும். அதனால் முதல் கூட்டத்துக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்று எண்ணாதீர்கள். வந்தவர்களில் எத்தனை பேர் மறுமாதம் திரும்பி வந்தார்கள் என்று எண்ணுங்கள். இந்தக் கட்டுரையில் சொல்லும் ஒவ்வொரு யோசனையும் அந்தக் கணக்கை வைத்துத்தான்.

சின்னதாகத் தொடங்குவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. 1994 நவம்பரில் அமெரிக்காவின் மேரிலாந்தில் நடந்த முதல் பைத்தான் பட்டறைக்கு வந்தவர்கள் சுமார் 20 பேர்தான், கைடோவையும் சேர்த்து. பைகான் என்ற பெயரில் மாநாடு தொடங்கியதே 2003இல். இந்தியாவில் முதல் பைகான் 2009இல் பெங்களூருவில் நடந்தது. சென்னைக்கு அது வந்தது 2019இல்.

முதல் படி: இன்னும் இரண்டு பேர்

அறிவிப்பு எதுவும் வெளியிடுவதற்கு முன்பே உங்களைத் தவிர இரண்டு பேர் கையில் இருக்க வேண்டும். ஒருவருக்குக் காய்ச்சல், இன்னொருவருக்கு ஆபீசில் ரிலீஸ் என்றாலும் மூன்றாமவர் போய் ஹாலைத் திறப்பார். பைத்தானில் புலியாக இருக்க வேண்டும் என்பதில்லை. "அடுத்த ஒரு வருஷம் இந்த ஊர்லதான் இருப்பீங்களா?" என்று கேளுங்கள், அது போதும். இறுதியாண்டு மாணவர்கள் உற்சாகமாக ஓடியாடி வேலை செய்வார்கள். ஆனால் மே மாதம் வந்தால் பெட்டியைக் கட்டிக்கொண்டு பெங்களூருக்குப் போய்விடுவார்கள். மூவருமே இறுதியாண்டு என்றால் குழுவின் ஆயுள் அந்த மே மாதம் வரைதான்.

அதோடு, ஏற்கெனவே அங்கே யாராவது நடத்துகிறார்களா என்று விசாரியுங்கள். சென்னை என்றால் சென்னைபை இருக்கிறது. மாதத்தின் நான்காவது சனிக்கிழமை கூடுவது அதன் வழக்கம். லினக்ஸ் பயனர் குழுக்கள் அதைவிடப் பழையவை. நடக்கிற குழு ஒன்று பக்கத்தில் இருந்தால் போட்டிக்கு இன்னொன்று வேண்டாம். அங்கே போய் ஒரு வேலையை எடுத்துச் செய்யுங்கள். வேறு ஊரில் தொடங்குவதாக இருந்தாலும் ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வருவது நல்லது. கூட்டம் முடிந்தபிறகு வாசலில் நின்று என்ன பேசுகிறார்கள் என்று கேளுங்கள். மேடையில் நடந்ததைவிட அதில்தான் விஷயம் இருக்கும்.

இரண்டாவது படி: யாருக்காக என்று முடிவு செய்யுங்கள்

பைத்தான் எழுதுகிறவர்கள் ஒரே சாதி இல்லை. ஜாங்கோவில் வெப்சைட் கட்டுகிறவர், பாண்டாஸில் தரவு அலசுகிறவர், கல்லூரியில் ஆய்வுக்காக எழுதுகிறவர், சிஸ்டம் அட்மின், வேலை தேடும் பட்டதாரி என்று எல்லோரும் பைத்தான்காரர்கள்தான். ஆனால் ஒருவர் பேசுவது மற்றவருக்குப் பாதி புரியாது. பழைய, பரந்த மொழிக்கே உரிய சிக்கல் இது. எல்லோரையும் ஒரே மாதத்தில் திருப்திப்படுத்தப் பார்த்தால் ஒருவரும் திரும்பி வரமாட்டார்.

இரண்டு வகை ஆட்களை நம் ஊர்களில் யாரும் கண்டுகொள்வதில்லை. ஒன்று, பிளஸ் டூ கணினி அறிவியல் ஆசிரியர்கள். மாநிலப் பாடத்திட்டத்தில் பதினொன்றாம் வகுப்பில் சி++, பன்னிரண்டாம் வகுப்பில் பைத்தான். பல வருடம் சி++ மட்டுமே நடத்தியவர் இப்போது பைத்தானைச் செய்முறைத் தேர்வு வரைக்கும் கொண்டுபோயாக வேண்டும். அவருக்குச் சந்தேகம் கேட்க ஆள் கிடையாது. இரண்டு, கம்பெனிகளில் எக்செல்லோடு மல்லுக்கட்டும் கணக்குப் பிரிவு ஆட்கள். திருப்பூர், ஈரோடு, கரூர் பக்கம் நாள் முழுக்க ஒரு ஷீட்டிலிருந்து இன்னொரு ஷீட்டுக்குக் காப்பி பேஸ்ட் செய்கிறவர்கள் எத்தனை பேர்! அந்த வேலையை, எக்செல் கோப்புகளைக் கையாளும் ஓப்பன்பைஎக்செல் பொதியை வைத்து இருபது வரி நிரலில் முடிக்கலாம் என்று ஒருமுறை கண்ணால் பார்த்தவர் அடுத்த மாதம் தானாக வருவார், பக்கத்து சீட்காரரையும் கூட்டிக்கொண்டு. இந்த இரு வகையினரும் ஊரைவிட்டுப் போகிறவர்களும் இல்லை. குழுவின் முதுகெலும்பு இவர்களிடமிருந்துதான் வரும் என்பது என் அபிப்பிராயம்.

மூன்றாவது படி: நாளும் இடமும்

நாளை ஒருமுறை வைத்துவிட்டால் மாற்றக் கூடாது. "மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமை, மதியம் இரண்டரை மணி" என்று வைத்தால் ஆறு மாதம் கழித்து வாட்சப்பைப் பார்க்காதவர்கூட நேரே வந்து நிற்பார். ஒவ்வொரு மாதமும் எல்லோருக்கும் வசதியான நாள் எது என்று வாக்கெடுப்பு நடத்தும் குழு நாலாவது மாதம் படுத்துவிடும். வங்கிகளுக்கு 2015 முதல் இரண்டாவது, நான்காவது சனிக்கிழமை விடுமுறை என்பதால் அந்த இரண்டில் ஒன்றை எடுக்கலாம். ஞாயிற்றுக்கிழமை வேண்டாம். ஆவணி, தை மாத முகூர்த்த நாளில் உங்கள் ஆட்கள் முழுக்கப் பந்தியில் உட்கார்ந்திருப்பார்கள்.

இடத்துக்கு முதலில் நினைவுக்கு வருவது கல்லூரி. ஹால், புரொஜெக்டர், ஏசி எல்லாம் அங்கே இருக்கும். ஆனால் எச்ஓடியை, அதாவது துறைத் தலைவரைப் பார்த்தவுடனே ஒரு பேரம் வரும்: "எங்க பசங்க இருநூறு பேரை அனுப்பறோம் சார், ஓடி குடுத்துடறோம். நீங்க சர்டிபிகேட் மட்டும் குடுத்துடுங்க." ஓடி என்றால் ஆன் டியூட்டி, வகுப்புக்கு வராமலே வருகைப் பதிவு. ஹால் நிரம்பி வழியும், போட்டோ பிரமாதமாக வரும். அந்த இருநூறு பேரில் மறுமாதம் ஓடி இல்லாமல் வருகிறவர் ஒற்றை இலக்கத்தில் இருப்பார். அதைவிட மோசம், தானாக வந்த ஐந்து பேர் அந்தக் கூட்டத்தில் காணாமல் போயிருப்பார்கள். அதனால் பணிவாகச் சொல்லுங்கள்: "சர்டிபிகேட் கிடையாது சார். விருப்பமுள்ள பசங்க பத்துப் பேர் வந்தா போதும்." சில கல்லூரிகள் இதைக் கேட்டதும் ஹால் இல்லை என்பார்கள். பரவாயில்லை. மாவட்ட மைய நூலகம், சின்ன சாப்ட்வேர் கம்பெனியின் சனிக்கிழமை காலியான ஆபீஸ், கோ-வொர்க்கிங் இடம் என்று கேட்டுப் பாருங்கள். பதினைந்து பேருக்குத் தேவை நாற்காலி, கரண்ட், ஒரு வெள்ளைச் சுவர். அவ்வளவுதான்.

பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்து வரும் தூரமாக இருக்கட்டும். பைபாஸ் ரோட்டில் பத்துக் கிலோமீட்டர் தள்ளி இருக்கும் கல்லூரி எவ்வளவு அழகாக இருந்தாலும் பைக் இல்லாதவர் வரமாட்டார். ஐந்து மணிக்கு முடித்துவிடுங்கள். விடுதியில் தங்கியிருக்கும் பெண்கள் ஆறு மணிக்குள் உள்ளே இருந்தாக வேண்டிய ஊர்கள் இது. இந்த ஒரு காரணத்தால் மட்டுமே ஆண்கள் குழுவாக முடிந்துபோன கூட்டங்கள் உண்டு.

நான்காவது படி: முதல் கூட்டம்

முந்தைய நாள் மாலையே பையில் எடுத்து வைக்க வேண்டியவை: எச்டிஎம்ஐ கேபிள், டைப்-சி கன்வெர்ட்டர், இரண்டு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், மார்க்கர், டேட்டா உள்ள ஒரு போன். கல்லூரி வைஃபையை நம்ப வேண்டாம். லாகின் பாஸ்வேர்டு யாரிடமோ இருக்கும், அவர் சனிக்கிழமை லீவில் இருப்பார்.

விளக்கேற்றுவது, சால்வை, சிறப்பு விருந்தினர், அரை மணி நேர வரவேற்புரை எதுவும் வேண்டாம். நாற்காலிகளை வட்டமாகப் போட்டு, வந்தவர்கள் தங்களை அறிமுகம் செய்துகொள்ளட்டும்: பெயர், பைத்தானில் கடைசியாக என்ன செய்தீர்கள், எங்கே மாட்டிக்கொண்டிருக்கிறீர்கள். மூன்றாவது கேள்விதான் முக்கியம். ஒருவர் அதை நோட்டில் எழுதிக்கொள்ள வேண்டும். அடுத்த ஆறு மாதத்துக்கான தலைப்புகள் அந்தப் பக்கத்தில் இருக்கும்.

பிறகு எல்லோரும் கைவைத்துச் செய்யும்படி ஒரு சின்னக் கணக்கு. நான் எப்போதும் சிபாரிசு செய்வது இது. பைத்தானைத் திறந்து, லென் செயற்கூற்றிடம் 'தமிழ்' என்ற சொல்லின் நீளத்தைக் கேளுங்கள். மூன்று என்று எதிர்பார்ப்பீர்கள். ஐந்து என்று வரும். ஹாலில் சலசலப்பு எழும். பிறகு அதே சொல்லைத் தலைகீழாகத் திருப்பச் சொல்லுங்கள். ஒரு புள்ளி அந்தரத்தில் தொங்க, அதன் பக்கத்தில் 'ழிமத' என்று திரையில் வரும். மி-யிலிருந்த இகரக் குறி கழன்று ழ-வில் போய் ஒட்டிக்கொண்டிருக்கும்! கணினி எழுத்துகளைச் சேமிக்கும் யூனிகோடு முறையில் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று ஐந்து தனித்தனிக் குறியீடுகளாகத்தான் அந்தச் சொல் இருக்கிறது. பைத்தான் அவற்றை எண்ணுகிறது, எழுத்துகளை எண்ணவில்லை. 'ழ்மித' என்று சரியாகத் திருப்ப என்ன செய்யலாம்? புதியவர் ஒரு லூப் போட்டுப் பார்ப்பார். அனுபவசாலி யூனிகோடு வகைகளைத் தேடுவார். யாராவது ஒருவர் ஓப்பன்-தமிழ் என்ற நிரல் தொகுப்பைக் கண்டுபிடித்து, அது த, மி, ழ் என்று பிரித்துக் கொடுப்பதைக் காட்டுவார். ஒரே கணக்கில் எல்லா நிலையினருக்கும் வேலை இருக்கிறது. ஆங்கிலப் பயிற்சிப் புத்தகம் எதிலும் இருக்காது என்பது கூடுதல் சுவாரசியம். போகிற போக்கில், பைத்தான் 3இல் மாறியின் பெயரையே தமிழில் வைக்கலாம் என்பதையும் காட்டிவிடுங்கள். வேலைக்கு உதவாது, ஆனால் ஆசிரியர்களுக்கு மிகவும் பிடிக்கும்.

நாலு மணிக்கு டீ. டீ இடைவேளையைக் கால் மணி நேரத்துக்குக் குறைக்காதீர்கள். முடிக்கும்போது அடுத்த கூட்டத்தின் தேதியையும் பேசப்போகிறவரின் பெயரையும் சொல்லிவிட்டுத்தான் முடிக்க வேண்டும். பெயர் இல்லையென்றால் அங்கேயே ஒருவரைப் பிடித்துவிட்டு அனுப்புங்கள்.

ஐந்தாவது படி: பேச ஆள் பிடிப்பது

"யாராவது பேச முன்வாருங்கள்" என்று குழுவில் போட்டால் ஒருவரும் வரமாட்டார். கைகூப்பும் ஸ்மைலி நாலு வரும். ஆளைத் தனியாகப் பார்த்து, அவர் செய்ததையே சொல்லிக் கேட்க வேண்டும்.

"சார், ஜிஎஸ்டி ரிட்டர்னுக்கு நூறு பில்லை ஒரே ஷீட்ல சேர்க்கறதுக்கு ஒண்ணு எழுதினேன்னு டீ குடிக்கும்போது சொன்னீங்கல்ல?"

"அது ஒண்ணும் பெரிசா இல்லீங்க. முப்பது வரிகூட இருக்காது."

"அந்த முப்பது வரியைத்தான் சார் காட்டணும். அடுத்த மாசம் பத்து நிமிஷம். ஸ்லைடு வேண்டாம், புரோகிராமைத் திறந்து காட்டுங்க போதும்."

"இங்கிலீஷ்ல பேசணுமா?"

"வேண்டாம் சார். நம்ம பேசற மாதிரியே பேசுங்க."

கடைசிக் கேள்வி ஒவ்வொரு முறையும் வரும். பேச்சு தமிழில் இருக்கட்டும், லூப், பங்க்ஷன், டிக்ஷனரி போன்ற சொற்கள் அப்படியே வரட்டும். அறிவிப்பிலேயே "தமிழில்" என்று போட்டுவிடுங்கள். வரலாமா வேண்டாமா என்று தயங்குகிறவர்களில் பாதிப் பேர் அந்த ஒரு சொல்லைப் பார்த்துத்தான் கிளம்புவார்கள்.

முழு நீளப் பேச்சு ஒன்று போதும். மீதிக்கு லைட்னிங் டாக், ஆளுக்கு ஐந்து நிமிடம். பைகான் மேடைகளில் நெடுநாளாக இருக்கும் வழக்கம் இது. நேரம் முடிந்தால் கைதட்டி இறக்கிவிடுவார்கள், மந்திரி வீட்டுப் பிள்ளையானாலும். முதல்முறை பேசுகிறவருக்கு ஐந்து நிமிடம் என்பது பயமில்லாத அளவு, கேட்கிறவருக்கும் அப்படியே.

தலைப்புக்குப் பஞ்சமே வராது. சில வருடங்களாக ஒவ்வொரு அக்டோபரிலும் பைத்தானின் புதிய பதிப்பு வெளிவருகிறது. அந்த மாதக் கூட்டத்தில் புதிதாக என்ன வந்திருக்கிறது என்று ஒருவர் படித்துவந்து சொன்னால் முடிந்தது. நிலைபெற்ற மொழியில் இதுவொரு வசதி.

ஆறாவது படி: புதியவர்களுக்கான பட்டறை

மாதக் கூட்டம் சீராக நடக்கத் தொடங்கிய பிறகு, வருடத்துக்கு ஒன்றோ இரண்டோ முழுநாள் பட்டறை வையுங்கள். அதற்கு முன் வேண்டாம். பட்டறைக்கு வந்து ஆசை பிறந்தவருக்கு அடுத்த மாதம் போக ஓரிடம் இருக்க வேண்டுமல்லவா?

மாதிரிக்கு ஜாங்கோ கேர்ள்ஸ் அமைப்பைப் பாருங்கள். 2014இல் பெர்லினில் இரண்டு பெண்கள் தொடங்கியது. அவர்களுடைய பயிற்சிப் பாடமும் அமைப்பாளர் கையேடும் எல்லோருக்கும் திறந்திருக்கின்றன. அதில் ஒரு விதியை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு கடைப்பிடியுங்கள்: மூன்று பேருக்கு ஒரு பயிற்சியாளர். கையில் ஐந்து பயிற்சியாளர்தான் என்றால் பதினைந்து பேரைத்தான் சேர்க்க வேண்டும். அறுபது பேரை உட்காரவைத்து ஒருவர் மைக்கில் கத்துவது டியூஷன். அது நம் ஊரில் ஏற்கெனவே நிறைய இருக்கிறது.

பட்டறை நாசமாகும் இடம் நிறுவுதல். வழக்கமாக நடப்பதைச் சொல்கிறேன். விண்டோஸ் லேப்டாப்பில் பைத்தானை நிறுவும்போது முதல் திரையின் அடியில் பாத்தில் (PATH, கணினி நிரல்களைத் தேடும் இடங்களின் பட்டியல்) சேர்க்கவா என்று ஒரு சின்னக் கட்டம் இருக்கும். அதை டிக் செய்யாமல் இன்ஸ்டாலை அழுத்திவிடுவார்கள். பிறகு கமாண்ட் பிராம்ப்டில் பைத்தான் என்று அடித்தால் அப்படி ஒன்று இல்லை என்று வரும், அல்லது மைக்ரோசாப்ட் ஸ்டோர் திறக்கும். இதுவே காலை ஒரு மணி நேரத்தைத் தின்றுவிடும். அதனால் முந்தைய நாள் மாலையை நிறுவுவதற்கென்றே ஒதுக்குங்கள், அல்லது அந்தத் திரையின் படத்தில் கட்டத்தைச் சிவப்பில் வட்டமிட்டு முன்னதாகவே அனுப்புங்கள். படத்தைப் பார்க்காமல் வருகிறவர் எப்படியும் இருப்பார், அவருக்கென ஒரு பயிற்சியாளரை ஒதுக்கி வையுங்கள்.

கல்லூரி லேப் என்றால் போய் ஒரு கம்ப்யூட்டரை நீங்களே திறந்து பாருங்கள். இன்னும் விண்டோஸ் 7 ஓடும் லேப்கள் இருக்கின்றன. பைத்தான் 3.9 முதல் அதில் நிறுவ முடியாது, 3.8தான் கடைசி. அட்மின் பாஸ்வேர்டு லேப் அசிஸ்டென்டிடம் இருக்கும், எனவே எச்ஓடியைவிட அவரிடம் நல்ல பெயர் எடுப்பது முக்கியம். முப்பது பேர் ஒரே நேரத்தில் பாண்டாஸை இறக்கினால் ஹாட்ஸ்பாட் தாங்காது. பைத்தான் பொதிகளை நிறுவும் கருவியான பிப்பின் டவுன்லோட் கட்டளையால் தேவையானவற்றை முன்பே ஒரு போல்டரில் இறக்கி நாலைந்து பென்டிரைவில் போட்டுக்கொள்ளுங்கள். இணையம் இல்லாமலே அதிலிருந்து நிறுவலாம். ஆனால் இறக்கும் கணினியின் பைத்தான் பதிப்பும் 32 பிட்டா 64 பிட்டா என்பதும் லேப் கணினிகளோடு ஒத்துப்போக வேண்டும். லேப்டாப் இல்லாமல் போனோடு மட்டும் வருகிறவர்களைத் திருப்பி அனுப்பாதீர்கள். பிரவுசரிலேயே பைத்தான் எழுத உதவும் கூகுள் கோலாபை போனில் திறந்தாலும் ஓடும். விரல் நோகும், ஆனால் ஓடும்.

ஏழாவது படி: நடத்தை விதி

"நம்ம ஊர்ல அதெல்லாம் எதுக்கு?" என்று யாராவது சொல்வார்கள். சொல்கிறவர் பெரும்பாலும் ஆணாகத்தான் இருப்பார். பைத்தான் அறக்கட்டளையின் நடத்தை விதி பொதுவில் இருக்கிறது. அதைச் சுருக்கித் தமிழில் ஒரு பக்கம் எழுதி, புகார் செய்ய இரண்டு பேருடைய எண்ணைப் போடுங்கள், அவர்களில் ஒருவர் பெண்ணாக இருக்கட்டும். அறக்கட்டளையிடம் என்றைக்காவது நிதியுதவி கேட்கப் போனால் இந்த விதி இருந்தாக வேண்டும் என்பது வேறு விஷயம். அன்றாடத்தில் இதன் பயன், கூட்டத்துக்கு வந்த பெண்ணின் நம்பரை வாட்சப் குழுவிலிருந்து எடுத்து இரவு "ஹாய்" அனுப்புகிறவரை யோசிக்காமல் வெளியேற்ற முடிகிறது. நம்பர் தெரியாத டெலிகிராமை வைத்துக்கொண்டால் இந்தத் தொல்லை பாதி குறையும்.

இன்னொரு வகை உண்டு. "இதுகூடத் தெரியாதா?" என்று கேட்கும் அறிவாளி. அவர் கெட்டவர் இல்லை. ஆனால் அந்த ஒரு வரியைக் கேட்ட புதியவர் மறுமாதம் வரமாட்டார். தனியாகக் கூப்பிட்டு ஒருமுறை சொல்லுங்கள். சொன்னபிறகும் தொடர்ந்தால், எவ்வளவு பெரிய கைக்காரராக இருந்தாலும் அவர் இல்லாமல் குழு பிழைக்கும்.

எட்டாவது படி: பணம்

எவ்வளவுக்கெவ்வளவு குறைவோ அவ்வளவுக்கு நல்லது. டீக்குத் துண்டு விரிக்கலாம், அல்லது இடம் கொடுக்கும் கம்பெனியே வாங்கிக் கொடுக்கும். சங்கப் பதிவு, வங்கிக் கணக்கு, தலைவர், செயலாளர், பொருளாளர் எதுவும் முதல் வருடம் தேவையில்லை. பதவி வந்தால் கூடவே பஞ்சாயத்தும் வரும்.

பணம் தருகிறேன் என்று முதலில் வருகிறவர் டேட்டா சயன்ஸ் கோர்ஸ் விற்கும் பயிற்சி நிலையமாக இருப்பார். பேனரில் லோகோ, அரை மணி நேரப் பேச்சு, வந்தவர்களின் போன் நம்பர் பட்டியல் என்று கேட்பார். பட்டியலை யாருக்கும் கொடுக்காதீர்கள். வேலைவாய்ப்பு, கோர்ஸ் எதுவானாலும் கூட்டத்தின் கடைசியில் இரண்டு நிமிட அறிவிப்பு, எல்லோருக்கும் ஒரே அளவு. பட்டறைக்கு உண்மையிலேயே செலவு வந்தால் உள்ளூர்க் கம்பெனியிடம் சாப்பாட்டை மட்டும் கேளுங்கள். சாப்பாட்டுப் பொட்டலத்துக்குக் கணக்கு எழுத வேண்டியதில்லை.

ஒன்பதாவது படி: சேர்ந்து ஒன்றைச் செய்வது

கேட்டுக்கொண்டே இருப்பவர்கள் கொஞ்ச நாளில் சலித்துப்போவார்கள். ஆறேழு மாதம் கழிந்ததும் ஒரு கூட்டத்தைப் பேச்சே இல்லாமல் ஸ்பிரிண்டாக வையுங்கள். ஏதாவது ஒரு திறமூலத் திட்டத்தில் எல்லோரும் உட்கார்ந்து வேலை செய்வது. ஓப்பன்-தமிழ் நமக்குக் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. தமிழ் தெரிந்தவர்தான் அதில் பிழையைப் பார்த்தவுடன் சொல்ல முடியும் என்பதால், நிரல் அனுபவம் குறைந்தவருக்கும் அங்கே மதிப்பு உண்டு. பள்ளி ஆசிரியர்கள் வந்தால் செய்முறைத் தேர்வு நிரல்களுக்குத் தமிழில் விளக்கம் எழுதித் தொகுக்கலாம்.

ஒரு எச்சரிக்கை. டீ-ஷர்ட்டுக்காகவும் ரெஸ்யூமேவில் ஒரு வரி சேர்ப்பதற்காகவும் எங்கோ ஒரு திட்டத்தின் ரீட்மீ கோப்பில் காற்புள்ளியை மாற்றி அனுப்பும் வேலையை ஊக்குவிக்காதீர்கள். திறமூலப் பங்களிப்பை ஊக்குவிக்க அக்டோபர்தோறும் நடக்கும் ஹேக்டோபர்பெஸ்ட் நிகழ்வில், 2020இல் இப்படி வெள்ளமாக வந்த குப்பையால் திட்டப் பராமரிப்பாளர்கள் நொந்துபோய், விருப்பம் தெரிவிக்கும் திட்டங்களுக்கு மட்டும்தான் என்று விதியையே மாற்ற வேண்டி வந்தது. உங்கள் ஊரிலிருந்து போகும் முதல் பங்களிப்பு பிழையறிக்கை ஒன்றாக இருந்தாலும் போதும், அது நன்றாக எழுதப்பட்டிருக்கட்டும்: என்ன செய்தேன், என்ன எதிர்பார்த்தேன், என்ன வந்தது. ஒரு மதியம் முழுக்க மூன்று பேர் உட்கார்ந்து இதை ஒழுங்காக எழுதினாலே அந்த ஸ்பிரிண்ட் வெற்றி.

பத்தாவது படி: கைமாற்றுவது

கைடோவே 2018 ஜூலையில் மொழியின் தலைமையை விட்டு விலகினார். அடுத்து யார் என்று அவர் கைகாட்டவில்லை. மொழியை உருவாக்குகிறவர்கள் பல மாதம் விவாதித்து ஐந்து பேர் கொண்ட குழுவைத் தேர்ந்தெடுத்தார்கள். நம் ஊர்க் குழுக்கள் இவ்வளவு தூரம் போவதே இல்லை. நடத்தியவருக்குக் கல்யாணமாகும், குழந்தை பிறக்கும், ஹைதராபாத்துக்கு மாற்றலாகும்; குழு நின்றுவிடும். 1997இல் நியூயார்க்கில் தொடங்கி உலகம் முழுக்கப் பரவிய பெர்ல் மாங்கர்ஸ் குழுக்களில் பலவும் இன்று பெயரளவில்தான் இருக்கின்றன, பெர்ல் மொழி இன்னும் புதிய பதிப்புகள் வெளியிட்டுக்கொண்டிருக்கும்போதே.

எனவே ஆறாவது மாதத்திலிருந்தே வேலையைப் பிரியுங்கள். ஒருவர் பேச்சாளரைப் பிடிக்கட்டும், ஒருவர் ஹாலைப் பார்க்கட்டும், ஒருவர் அறிவிப்பு எழுதட்டும், ஒருவர் டீ. டீ வேலையைப் புதிதாக வந்தவரிடம் கொடுங்கள். எல்லோரோடும் பேச வைக்கும் வேலை அது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை சுழற்றுங்கள். சுழற்றும்போது தரம் குறையும், அறிவிப்பில் எழுத்துப்பிழை வரும், ஒருமுறை புரொஜெக்டரே வராது. பொறுத்துக்கொள்ளுங்கள், நீங்களே எடுத்துச் செய்துவிடாதீர்கள். வருடத்தில் இரண்டு கூட்டத்துக்காவது வேண்டுமென்றே போகாமல் இருந்து பாருங்கள்.

ஒரு கூட்டத்துக்கு மூன்றே பேர் வந்தால் ரத்து செய்யாமல் உட்கார்ந்து ஏதாவது நிரல் எழுதுங்கள். நவம்பர், டிசம்பரிலும் ஏப்ரல், மேயிலும் செமஸ்டர் தேர்வு இருப்பதால் மாணவர்கள் குறைவது வழக்கம்தான். அந்த மாதங்களில் வேலைக்குப் போகிறவர்களுக்கான தலைப்பை வையுங்கள், ஆசிரியர்களுக்கானதை மே கடைசியில் வையுங்கள்.

குழுவின் மின்னஞ்சல், கிட்ஹப், டெலிகிராம், மீட்அப் கணக்குகள் ஒவ்வொன்றுக்கும் இரண்டு அட்மின் இருக்க வேண்டும், இருவரும் ஒரே கம்பெனியில் வேலை செய்பவர்களாக இருக்கக் கூடாது. பாஸ்வேர்டு மாற்றினால் அன்றே இன்னொருவரிடம் சொல்லுங்கள். கல்லூரி ஹால் என்றால் ஜூன் மாதம் புதுக் கடிதம் கொடுக்க வேண்டும், ஏனென்றால் எச்ஓடி மாறியிருப்பார். போன வருடக் கடிதத்தின் நகலை அதோடு இணைத்துக் கொடுத்தால் வேலை சீக்கிரம் முடியும். அந்தக் கடிதத்தில் உங்கள் கையெழுத்து வேண்டாம். அடுத்த வருடம் நடத்தப்போகிறவரைக் கூட்டிக்கொண்டு போய் அவரையே போடச் சொல்லுங்கள்.